பெரிய கைக்கு ஒரு மிச்சம்

வேகத்தடையைக் கட்டி முடித்தது புதன்கிழமை. அதன் மேல் வெள்ளைக் கோடு அடிப்பதாக இருந்தது சனிக்கிழமை. நடுவில் இரண்டு நாள் ஏன் சும்மா கிடந்தது என்று யாராவது கேட்டிருந்தால் லீடர் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருப்பாள். அவளுக்கு அது பெருமையான விஷயம். பாவி, அப்போது அவளுக்கு என்ன தெரியும்!

லீடர் என்பது கேலிக்கு வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்கியது. இருபத்து நான்கு வயது. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடையில் வேலை. ஊரார் எழுதும் மனுக்களை நகல் எடுத்துக் கொடுத்து, அவை எந்தக் குப்பையில் போய்ச் சேர்கின்றன என்பதையும் நான்கு வருடமாகப் பார்த்தவள். "கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. நாமளே செஞ்சிடலாம்" என்று தன்னோடு சேர்த்து ஒன்பது பேராக இளைஞர் குழு ஆரம்பித்தாள். முதல் கூட்டத்தில் அவள் பேசிய மொத்தப் பேச்சே அவ்வளவுதான்.

முதலில் பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு கூரை போட்டார்கள். வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் நெட்டையன் கம்பிகளைப் பற்றவைத்தான். ஆறாவது நாள் வட்டார அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்து, அனுமதி இல்லாத கட்டுமானம் என்று பிடுங்கி எறிந்துவிட்டுப் போனார்கள். மழையில் நனைந்துகொண்டு நிற்பதற்கு எவன் அனுமதியும் வேண்டாம், கூரைக்கு மட்டும் வேண்டுமாம்!

அன்றைக்கு நெட்டையன் அழுதான். லீடர் அழவில்லை, யோசித்தாள். அடுத்து ஊர்ப் படிப்பகத்தைச் சரிசெய்தபோது, சுவர் பூசி, அலமாரி அடித்து, புத்தகம் அடுக்கி, எல்லாம் முடித்துவிட்டுப் பெயர்ப் பலகையில் கடைசி எழுத்தை மட்டும் விட்டுவைத்தாள். வட்டார அதிகாரியைக் கூப்பிட்டு அந்த ஒரு எழுத்தை அவர் கையால் எழுதவைத்தாள். அதிகாரியின் முயற்சியால் படிப்பகம் உயிர்பெற்றது என்று மறுநாள் செய்தித்தாளில் வந்தது. வந்துவிட்டுப் போகட்டுமே! அதற்குப் பிறகு அந்தச் சுவரில் எவனும் கை வைக்கவில்லை.

அன்றிலிருந்து குழுவுக்கு அதுவே சட்டமாகிவிட்டது. "பெரிய கைக்கு ஒரு மிச்சம் வைக்கணும்டா" என்பாள் லீடர். குடிநீர்த் தொட்டி கட்டியபோது குழாயை முதலில் திருகுவது மிச்சம். தெருவிளக்குப் போட்டபோது சுவிட்சைத் தட்டுவது மிச்சம். வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு மிச்சம். மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கும் ஒரு அறைதான் குழுவின் அலுவலகம். அதில் புதுப் பெயிண்ட் டின் ஒன்று மூடி திறக்காமல், அதிகாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

வேகத்தடை ஒன்றும் விளையாட்டுக்குப் போட்டதல்ல. பள்ளிக்கூட வாசலில் மணல் லாரி ஒன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கால்மேல் ஏறிப் போயிருந்தது. அதற்கு அப்புறமும் லாரிகள் அதே வேகத்தில்தான் பறந்தன. மூன்று மனு போட்டும் பேச்சுமூச்சு இல்லை. கடைசியில் அதிகாரியே வாய்ப்பேச்சாக, "போட்டுக்கோங்க, திறப்புக்கு நான் வர்றேன்" என்றார். இவர்களும் போட்டுவிட்டார்கள்.

குழுவின் கடைக்குட்டிக்குப் பன் என்று பெயர். பத்தொன்பது வயது. அவள் அப்பா சுற்று வட்டாரத்துக் கடைகளுக்கெல்லாம் விடிகாலையில் மொபெட்டில் ரொட்டி போடுகிறவர், அதனால் வந்த பெயர். பெயருக்கு ஏற்றபடி உருண்டை முகம். சிமென்ட்டின் மேற்பூச்சை வேறு யாரையும் தொடவிடாமல் கரணையை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு அவளே தேய்த்தாள். "பாருங்கக்கா, தடவிப் பாருங்க. ஒரு சொரசொரப்பு இருந்தா என் பேரை மாத்திக்கிறேன்" என்றாள்.

"உன் பேரே மாத்தின பேருதானடி" என்றான் நெட்டையன்.

கோடு அடிக்கும்வரை யாரும் தடுக்கி விழக்கூடாது என்று சாலையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தகர டிரம்மை நிறுத்தி, சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார்கள். அதுவரை சரி. அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை காலை ரொட்டிக்காரர் லீடரின் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தினார். பின்னால் நீலப் பெட்டி, அதற்குள் இன்னும் சூடு ஆறாத ரொட்டி. "ஏம்மா லீடர், என் வண்டிக்கு எதிரா என் வீட்லயே ஆள் பிடிச்சுச் சதி பண்றீங்களா?" என்று சிரித்தார். அப்புறம் சொன்னார்: "அந்தச் சிவப்புத் துணி நல்லாத் தெரியுதும்மா. டிரம்மைப் பார்த்ததும் வேகத்தைக் குறைச்சிடறேன். இந்தப் பனியில வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல."

"சனிக்கிழமையோட கோடு வந்துடும் மாமா" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் மேடை போட்டார்கள். நாற்காலிகள் வந்து இறங்கின. மேடையின் இரண்டு பக்கமும் வெறிச்சென்று இருந்தது. லீடரின் கண் சாலையில் நின்ற டிரம்களின் மேல் போனது.

"அந்த ரெண்டு டிரம்மையும் கழுவி எடுத்துட்டு வாங்க. பச்சைத் துணி சுத்திச் செடி வச்சா மேடைக்கு எடுப்பா இருக்கும்."

நெட்டையன் தலையைச் சொறிந்தான். "அப்ப ரோட்டுக்கு?"

"ஒரு ராத்திரிதானேடா. ஊர்ல யாருக்குத் தெரியாது அங்க பிரேக்கர் இருக்குன்னு? காலையில எழுந்ததும் வேற ஏதாவது வைப்போம்."

அவள் சொன்னாள், அவன் எடுத்துவந்தான்.

சனிக்கிழமை விடியும்போது பனி கொட்டியது. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. மேடையைப் பெருக்கிவிடலாம் என்று துடைப்பத்தோடு வந்த லீடர் முதலில் மொபெட்டின் சத்தத்தைக் கேட்டாள். வழக்கமான சத்தம்தான். சட்டென்று இரும்பு சிமென்ட்டில் கிழிபடும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நாற்காலிகளுக்குக் காவலாக மேடையில் படுத்திருந்த நெட்டையனும் எழுந்து ஓடிவந்தான். ரொட்டிக்காரர் மல்லாந்து கிடந்தார். சாலை முழுக்க ரொட்டி. தலைக்கு அடியில் கசிந்துகொண்டிருந்ததை லீடர் பார்க்காமல் இருக்க முயன்றாள். அவர் கண் திறந்திருந்தது. இவளை அடையாளம் தெரிந்துகொண்டார். குற்றம் சொல்கிற குரலே இல்லை. வழி தெரியாத ஆள் வழி கேட்பதுபோல மெல்லக் கேட்டார்.

"டிரம் எங்கம்மா?"

அவள் தலை மேடைப் பக்கம் திரும்பியது. நெட்டையன் வண்டி பிடிக்கச் சாலையில் ஓடிவிட்டதால் அந்தக் கேள்வி காதில் விழுந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

பால் வண்டியில் ஏற்றினார்கள். பன்னும் அவள் அம்மாவும் செருப்புக்கூடப் போடாமல் வழியில் அவர்கள் தெருமுனைக்கு ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். வண்டி போன அரை மணி நேரத்தில் நெட்டையனின் கைபேசி அடித்தது. பேசி முடித்துவிட்டு வேகத்தடை மேலேயே உட்கார்ந்துவிட்டான். "போற வழியிலேயே போயிட்டாராம். போலீஸ் இங்க வருதாம்."

இரண்டு பேரும் சாலையைப் பார்த்தார்கள். சாம்பல் நிறச் சாலை, சாம்பல் நிற வேகத்தடை, சாம்பல் நிறப் பனி. கோடும் இல்லை, டிரம்மும் இல்லை. எழுத்தில் அனுமதி என்று ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ஒன்பது பேர் சேர்ந்து ஒரு மனுஷனைச் சாகடித்த இடம் அது. குருடனுக்கும் தெரியும்.

"நம்மளை உள்ள வச்சிருவாங்களா?" என்றான் நெட்டையன். அவனுக்கு அடுத்த மாதம் தங்கையின் கல்யாணம். குழுவில் இன்னொருத்திக்கு அரசு வேலைக்கான நேர்காணல் வந்திருந்தது. பன்னும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. லீடர் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். தன் முகத்தையும் நினைத்தாள், அதை மறைப்பானேன்.

"பெயிண்ட் டின்னை எடுத்துட்டு வா" என்றாள். "டிரம்மையும்."

இருபது நிமிடத்தில் அடித்து முடித்தார்கள். அவசரத்தில் கோடு கோணலாகப் போனது. டீக்கடைக்காரர் கடையைத் திறக்க வந்தவர், பார்த்தார். இவர்களையும் பார்த்தார், தூரிகையையும் பார்த்தார். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்று நினைத்திருப்பார். அந்த நினைப்பும் ஒரு மாதிரியான கொடுமைதான்.

போலீஸ்காரர் வந்தபோது பனி கலைந்திருந்தது. சுற்றி நடந்தார். வேகத்தடையின் மேல் கால் வைத்தவர், காலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பூட்ஸில் வெள்ளை ஒட்டியிருந்தது.

"எப்ப அடிச்சீங்க?"

"நேத்து சாயங்காலம் சார்" என்றாள் லீடர். "பனியில காயல."

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேடையில் தொங்கிய துணியில் அதிகாரியின் பெரிய படத்தைப் பார்த்தார். பூட்ஸைப் புல்லில் தேய்த்துவிட்டு, குறிப்பேட்டில் எழுதினார். கோடு உண்டு. எச்சரிக்கை டிரம் உண்டு. ஓட்டியவர் தூக்கக் கலக்கத்தில் கவனிக்கவில்லை.

குழுவில் மற்றவர்களிடமும், வெள்ளிக்கிழமை இருட்டியதுமே கோடு அடித்து டிரம்மைத் திருப்பி வைத்துவிட்டோம் என்றே லீடர் சொல்லிவைத்தாள். அந்த ஒரு வரி ஊர் முழுக்க நடந்தது. ரொட்டிக்காரர் அசந்துவிட்டார், பாவம், இருபது வருஷமாக விடிகாலை வேலை, உடம்பு என்ன இரும்பா என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள். அடக்கத்துக்கு வந்த அதிகாரிகூட அதையே சொல்லித்தான் பன்னின் தோளைத் தட்டினார். திறப்பு விழாவைப் பத்து நாள் தள்ளிவைத்தார், பெரிய மனசு.

மூன்றாவது நாள் லீடர் துணிந்து அந்த வீட்டுக்குப் போனாள். ஒரே அறை. சுவரோரம் நீலப் பெட்டி, ஒரு பக்கம் நசுங்கி, கழுவிக் கவிழ்த்திருந்தது. ஆணியில் அவர் சட்டை. ஜன்னல் விளிம்பில் மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்துக் குப்பி. பன்னின் அம்மா தரையில் உட்கார்ந்து, அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா லீடர்" என்றாள். "உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல. பொண்ணுகிட்டகூடச் சொல்லல."

"சொல்லுங்க அத்தை."

"வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு இழுப்பு வந்துடுச்சு. பொண்ணு மேடை வேலை அசதியில தூங்கிட்டா. நெஞ்சைத் தேய்ச்சுவிட்டுக்கிட்டு, வெந்நி வச்சுக் குடுத்துக்கிட்டு, கூடவே உட்கார்ந்திருந்தார். நீங்க தூங்குங்கன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லலையே நான்! அவர் பக்கத்துல இருந்தா தெம்பா இருக்குன்னு கையைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன். கண்ணை மூடாம அப்படியே எழுந்து வண்டியை எடுத்துட்டுப் போனார்." குரல் உடையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான்தாம்மா அவரைத் தூங்கவிடல. நான்தான் கொன்னுட்டேன்."

சொல், சொல் என்று லீடரின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் தூங்கவில்லை அத்தை, முழித்துக்கொண்டுதான் வந்தார், டிரம் எங்கே என்று என்னைக் கேட்டார். நான்கு வார்த்தை போதும். ஆனால் அந்த நான்கு வார்த்தைக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள், நெட்டையனின் தங்கை நின்றாள், போலீஸ்காரரின் பூட்ஸ் நின்றது. "அப்படியெல்லாம் பேசாதீங்க அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

பத்தாவது நாள் மறுபடியும் அதே மேடை, அதே நாற்காலி. அதிகாரியின் உதவியாளருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. கோடுதான் அடித்தாகிவிட்டதே, மறுபூச்சு ஒன்று பூசலாம். அப்பா விழுந்த இடத்தில் மகள் தூரிகையைப் பிடிக்க, ஐயா அவள் கையைப் பிடிக்க, படம் பிரமாதமாக வரும். பன் சரி என்றாள். அவள் அந்தப் பத்து நாளும் அப்பாவின் மேல் கோபமாகவே இருந்தாள். "நூறு தடவை சொன்னேன்கா, பிரேக்கர் இருக்கு பார்த்து வாங்கன்னு. நான் தேய்ச்ச பிரேக்கர்க்கா அது. அதுல வந்து விழுந்துட்டாரே, அறிவுகெட்ட மனுஷன்" என்று சொல்லிச் சொல்லி அழுவாள்.

அதிகாரி முன்வரிசையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் பன்னின் அம்மா. எதிரே பேச்சுக்கு நிறுத்திய மைக். டிரம்கள் மறுபடியும் பச்சைத் துணி சுற்றி, தலையில் செடியோடு மேடைக்கு இரண்டு பக்கமும் நின்றன. அவற்றைத் திரும்ப எடுத்துவந்தது யார் என்று லீடர் கேட்கவில்லை.

பன் மண்டியிட்டாள். தூரிகையை டின்னில் நனைத்து எடுத்தவள், பூசும் முன்னால், பழக்கத்தில், உள்ளங்கையால் மேற்பரப்பைத் தடவினாள். கை பாதியில் நின்றது. குனிந்தாள். ஒரு சாண் நீளத்துக்குச் சிமென்ட்டில் ஆழமாக ஒரு கீறல். மொபெட்டின் கால்மிதி கிழித்தது. அந்தக் கீறலுக்குள் அடிவரைக்கும் வெள்ளை படிந்திருந்தது.

அவள் விரல் நகத்தால் சுரண்டினாள். உள்ளேயிருந்து காய்ந்த பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. அவள் பூசிய பூச்சு. அதில் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"அக்கா, இங்க வாங்க."

லீடர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா விழுந்தப்ப கோடு இல்லையா?"

"இல்ல."

"டிரம்?"

லீடர் மேடையைப் பார்த்தாள். பன்னும் பார்த்தாள். அதற்குமேல் கேள்வி தேவைப்படவில்லை, ஆனாலும் லீடர் சொன்னாள். "நான்தான் எடுக்கச் சொன்னேன். உங்கப்பா தூங்கல. டிரம் எங்கம்மான்னு என்கிட்ட கேட்டார். அவ்வளவுதான் பேசினார்."

"தயாரா?" என்று கேட்டுக்கொண்டு உதவியாளர் வந்தார். அதிகாரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

பன்னின் உருண்டை முகத்தில் ரத்தமே இல்லை. அடிப்பாள் என்று லீடர் நினைத்தாள், அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. எழுந்து, தூரிகையை லீடரின் கையில் திணித்தாள்.

"நீங்க பிடிங்க. பெரிய கைக்குத்தானே மிச்சம் வச்சிருந்தீங்க" என்றாள். "அப்புறம், இதை என்கிட்ட சொன்னது பத்தாது. எங்கம்மா தூங்கறதே இல்லக்கா. ஏன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாங்க."

லீடர் தூரிகையோடு முன்வரிசைக்கு நடந்தாள். "என்னம்மா, அங்கதானே படம்?" என்று அதிகாரி கேட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை. பன்னின் அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். சுற்றி இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். போலீஸ்காரர் மேடை ஓரத்தில் நின்றிருந்தார். நெட்டையன் கூட்டத்திலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் குரலைத் தணிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். டிரம்மை எடுத்தது, கோடு அடித்தது, பொய் சொன்னது, மூன்றாம் நாள் அந்த அறையில் வாயைத் திறக்காமல் எழுந்து போனது.

அந்த அம்மாளுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. லீடரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். தூரிகையிலிருந்து வெள்ளை அந்த அம்மாளின் புடவையில் சொட்டியது.

"அப்ப அவர் முழிச்சுக்கிட்டுதான் வந்தாரா?"

"முழிச்சுக்கிட்டுதான் வந்தார் அத்தை. டிரம்மைத் தேடிக்கிட்டே வந்தார்."

நீளமாக ஒரு மூச்சு வெளியே போனது. பத்து நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு. அந்த முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதை லீடர் கண்ணால் பார்த்தாள். பிறகு அந்தக் கண்கள் மெதுவாகக் கீழே இறங்கி அவள் முகத்தில் நின்றன. யாரைப் பார்க்கிறோம் என்பது அவற்றுக்கு அப்போதுதான் விளங்கியது. மணிக்கட்டைப் பிடித்திருந்த கை ஒவ்வொரு விரலாக விட்டது.

"மைக்கை அணைங்கப்பா" என்றார் அதிகாரி. பன் மேடைக்குப் போய், செடியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு சாலைக்கு வந்தாள்.